ப்ளூ ஜாகரும் பில்லின் கடைசி வரியும்

வைர கவுன்டரில் நின்ற 11 வருடங்களில் வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு), என்ன கலர், உள்ளே புள்ளி இருக்கிறதா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள், கல்லில் தோஷம் இருக்குமா. நிச்சயதார்த்த மோதிரம் பார்க்க வந்த ஒரு பெண், “அண்ணா, இந்தக் கல் எந்த நாட்டுல எடுத்தது?” என்றாள். பழக்கத்தில், “சர்டிபிகேட் இருக்கும்மா” என்று நீட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, “எடை, நிறம், வெட்டு எல்லாம் இருக்கு. ஊர் பேரு மட்டும் இல்லையே?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய தோட்டைக் கழற்றி மேஜையில் வைக்கும் பாட்டிமார்கள் “இது ப்ளூ ஜாகர்” என்று நிமிர்ந்து சொல்வார்கள். 1971இல் மூடப்பட்ட தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் அது. அவர்கள் அதைச் சொன்னது தரத்துக்காக, நியாயத்துக்காக இல்லை. ஆனாலும் கல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வியாக இருந்தது. நாங்கள்தான் அதைத் தாளில் நாலு குறிப்புகளாகச் சுருக்கிவிட்டோம்.

அன்று இரவு, வைரத்தால் ரத்தம் சிந்திய மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1991 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர். கோனோ மாவட்டத்து ஆற்று மண்ணில் கிடைக்கும் வைரத்தைக் கிளர்ச்சிப் படை பக்கத்து நாடான லைபீரியா வழியாகக் கடத்தியது. பதிலுக்கு ஆயுதம் வந்தது. சாதாரண ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். ஒரு கைக்கு மோதிரம் போட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்த எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே முடியவில்லை. கிளர்ச்சியாளர்களுக்குத் துணைபோன லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் கற்களை வாங்கி விரலில் போட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்படிப் போருக்குப் பணம் தரும் வைரக் கடத்தலைத் தடுக்க நாடுகள் சேர்ந்து கொண்டுவந்ததுதான் கிம்பர்லி சான்றிதழ் முறை. 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடத்தலை ஓரளவு அடக்கியதும் உண்மை. ஆனால் அந்தச் சான்றிதழ் பட்டை தீட்டாத கல் பெட்டிக்குத்தான். வைரம் பட்டை தீட்டும் சூரத்தில் பல நாட்டுக் கற்கள் சலித்து, தரம் பிரித்து, ஒரே பொட்டலத்தில் சேர்ந்தபின் ஒரு மூக்குத்திக் கல்லின் ஊரைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எங்களிடம் வருவது பில்லின் அடியில் ஒரே வரி: மோதலுக்குப் பணம் தராத முறையான இடத்தில் வாங்கிய கற்கள் என்று விற்பவர் தரும் உறுதிமொழி. அத்தனை வருடமும் அந்த வரியைப் படிக்காமலே கோப்பில் போட்டிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த முறையின் கணக்கில் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணம் போனால்தான் அது மோதல் வைரம். 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயலில் மண் தோண்ட வந்தவர்களை ராணுவமே சுட்டுக் கொன்றது. அது அந்த வரையறைக்குள் வராது. 2011இல் மராங்கே ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்ததும், இந்த முறை உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே வெளியேறிவிட்டது. எனக்கு அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது.

அதற்காக ஆப்பிரிக்க வைரமே வேண்டாம் என்று ஒதுக்குவதும் நியாயம் இல்லை. கோனோவில் இன்றும் மண்வெட்டியும் சல்லடையுமாகப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017இல் அங்கே கிடைத்த 709 காரட் கல்லை ஒளிக்காமல் அரசிடம் கொடுத்தார்கள். அது நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பாதிக்கு மேல் அந்த மக்களின் தேவைகளுக்கு என்றே ஒதுக்கினார்கள்.

அந்தப் பெண்ணுக்காக எங்கள் மொத்த வியாபாரிக்கு எழுதிக் கேட்டேன். அதே ஒரு வரியைத் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினேன். “யாருமே கேட்கறதில்லையே, உங்களுக்கு மட்டும் எதுக்கு?” என்றார் போனில். கேட்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால் அவரால் அப்படிப் பேச முடியாது. நடந்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். “உண்மையைச் சொன்னீங்களே, சரிண்ணா” என்று கல் இல்லாத தங்க மோதிரம் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

சரக்கு நோட்டில் ‘நாடு’ என்று ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன். போன மாதம் வந்த ஒரு 40 சென்ட் கல்லுக்கு நேரே ‘போட்ஸ்வானா’ என்று எழுத முடிந்தது. மற்ற வரிகளுக்காக இன்னும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.