செல்ஃப் மோட்டாரின் 'டக்' சத்தம்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று கேட்கிறது, என்ஜின் சுற்றவில்லை. உடனே செல்ஃப் மோட்டாரை (என்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) கழற்றிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் வீண் வேலை. கழற்றியதை பெஞ்சில் வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் நன்றாகவே சுற்றும். பழுது வண்டியிலேயே, ஏதோ ஒரு எர்த் வயரின் (பேட்டரி மைனஸை வண்டியின் பாடியோடு சேர்ப்பது) துருவில் இருக்கும்.

முதலில் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டு) இழுப்பது ஒன்று, இழுத்ததைப் பிடித்து வைப்பது இன்னொன்று. மெயின் கான்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் சுருளில் கரண்ட் நின்றுவிடும், பிடிக்கும் சுருள் மட்டுமே வேலை செய்யும். அந்த நொடியில்தான் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. சோர்ந்த பேட்டரியில் வோல்டேஜ் சரிந்து பிடி விடும். பிடி விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்த 'டகடக'.

ஒரே ஒரு கனமான 'டக்' என்றால் விஷயம் வேறு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, டெர்மினலில் பிடிப்பில்லை, அல்லது மோட்டாரோ என்ஜினோ இறுகியிருக்கிறது. வெளிச்சம் மங்காமல் அப்படியே இருந்தால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை.

இனி மல்டிமீட்டர். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரியை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துச் சோதிப்பது) செய்யாமல் மேலே போக வேண்டாம்.

பலர் விட்டுவிடும் சோதனை அடுத்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் போஸ்டிலும், மறுமுனையை மோட்டார் பாடியிலும் வைத்து, உதவிக்கு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எர்த்தில் தடை இருக்கிறது. பிளஸ் போஸ்டுக்கும் சொலினாய்டின் பெரிய போல்ட்டுக்கும் (30 என்று குறித்திருக்கும்) இடையிலும் இதேபோல் பாருங்கள். அங்கே 0.5 வரை விடலாம். கிளாம்ப்பில் வைக்காமல் ஈயப் போஸ்டிலேயே முனையை வைக்க வேண்டும். போஸ்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் படிந்த வெள்ளைப் பூப்புதான் பாதி நேரம் குற்றவாளி.

வயர் எல்லாம் சரி, ஆனால் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த பின்னல் வயரில் வோல்டேஜ் வரவில்லையா? கான்டாக்ட் தேய்ந்துவிட்டது. மூடியைத் திறந்தால் இரண்டு செப்புத் துண்டுகளும் விளிம்பில் கருகி, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். பிளஞ்சர் முழுதாக உள்ளே வந்தும் நடுவில் உள்ள வட்டத்தகடு செம்பைத் தொடாது. சத்தம் மட்டும் கேட்பது அதனால்தான். தனியாக கான்டாக்ட் கிடைக்கும் மாடல் என்றால் அதை மாற்றினாலே போதும், எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது சில நாள் சமாளிப்புதான்.

அந்த வயரில் முழு வோல்டேஜ் வந்தும் சுற்றாவிட்டால் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். மோட்டாரை லேசாகத் தட்டியதும் சுற்றினால் சந்தேகம் உறுதியாகும். ஓங்கி அடிக்க வேண்டாம், காந்தம் வைத்த மோட்டார்களில் காந்தம் உடைந்துவிடும். பிரஷ் சரியாக இருந்தால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜின் கையால் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி என்ஜின் அசையாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மோட்டாரின் பல்லை ஃபிளைவீலோடு சேர்க்கும் பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ஃபிளைவீல் பல் தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அங்கேதான் பல் அதிகம் தேயும். ஃபிளைவீலை ஒரு சுற்று முழுதும் சுற்றிப் பார்த்த பிறகு புதுப் பெண்டிக்ஸைப் பூட்டுங்கள். தேய்ந்த ரிங் கியர் (ஃபிளைவீல் விளிம்பில் உள்ள பல் வளையம்) புதுப் பல்லையும் சீக்கிரமே தின்றுவிடும்.