மேனிஃபோல்டில் தெறித்த ஆரஞ்சு

போன வாரம் முழுக்க என் நகக்கண்ணில் ஆரஞ்சு நிறம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய 1969 செவர்லே கமாரோ காரின் 350 கன அங்குல எஞ்சினைப் பிரித்து, பழுது பார்த்து, திரும்பப் பூட்டி ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார். பெயின்ட் அடிக்க ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார், போனேன். டெட்ராய்ட் பக்கம் குடியிருந்தால் இந்த மாதிரி அழைப்பெல்லாம் சகஜம். ஆகஸ்ட் மாதம் வுட்வார்ட் அவென்யூவில் பழைய மசில் கார்கள் (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வேகக் கார்கள்) பானெட்டைத் திறந்து வைத்து வரிசையாக நிற்பதைப் பார்த்து வாய் பிளந்தவன்தான் நானும். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் எஞ்சின்களைப் பார்த்து, அந்தக் காலத்தில் எப்படிச் செய்திருக்கிறார்கள் பாருங்கள் என்று நினைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அப்படிச் செய்யவே இல்லை!

நான் கிரைண்டரை எடுத்து எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த வார்ப்பு வரிகளை வழவழப்பாக்கப் போனேன். மனிதர் கத்தியே விட்டார். வார்ப்பிரும்பின் சொரசொரப்பு அப்படியே தெரிய வேண்டுமாம். தொழிற்சாலையில் எஞ்சினை முழுசாகப் பூட்டிய பிறகுதான் ஸ்ப்ரே அடித்தார்கள். அதனால் போல்ட் தலை, கேஸ்கட் ஓரம் எல்லாமே ஒரே ஆரஞ்சு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக அடித்துவிட்டு, பளபளக்கும் போல்ட்டைப் போட்டு முடுக்கினால் விஷயம் தெரிந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், இது புதுசாகச் செய்தது என்று. ஸ்ப்ரே கன் எட்டாத இடம் வெறும் இரும்பாகவே விடப்பட்டது, சீக்கிரமே துருவும் பிடித்தது. அலுமினிய இன்டேக் (காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் பாகம்) வைத்த எஞ்சின்களில் அதன் ஓரத்தில் ஆரஞ்சுத் தூறல் விழுந்திருக்கும். செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் பிரியர்களுக்காக 1974-இல் தொடங்கிய சங்கம் ஒன்று, கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது, அளவுக்கு மீறி அழகாக்கினால் குறைக்கிறது.

நிறத்திலும் ஆளுக்கொரு வழக்கம். செவர்லே அந்த வருடங்களில் ஆரஞ்சு, 1977 வாக்கில் நீலத்துக்குப் போய்விட்டது. ஃபோர்டு 1966-லிருந்து நீலம், அதற்கு முந்தைய 1965 மஸ்டாங்கின் 289 எஞ்சினில் பிளாக் கறுப்பு, வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம் (எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை). போன்டியாக் ஜிடிஓ-வில் நீலம். பிளிமத் 1967 ஜிடிஎக்ஸில் 440 எஞ்சின் வாங்கினால் பச்சையும் நீலமும் கலந்த டர்க்காய்ஸ், அதே காரில் கூடுதல் காசு கொடுத்து 426 ஹெமி எஞ்சின் வாங்கினால் ஆரஞ்சு, மேலே சுருக்கம் சுருக்கமான கறுப்புப் பூச்சில் வால்வ் கவர். ஹெமி ஆரஞ்சும் செவர்லே ஆரஞ்சும் ஒன்றுதானே என்று அவரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. தப்பான டப்பாவை வாங்கி வந்து அடித்து, பாதியில் எல்லாவற்றையும் சுரண்டியவர்கள் கதை நிறைய உண்டு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பெயின்ட் படாமல் டேப் ஒட்டப் போனபோது அதையும் தடுத்தார். தொழிற்சாலையில் அது பூட்டிய நிலையில்தான் பெயின்ட் விழுந்ததாம், அதனால் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் பக்கம் ஆரஞ்சு படிய வேண்டும். அந்தச் சூட்டில் எரிந்து போகுமே என்றேன். ஆமாம், அப்போதும் எரிந்துதான் போனது என்றார். எரியப் போகிறது என்று தெரிந்தே கன்னை அலட்சியமாக வீசி அடிக்க எனக்குக் கை வரவே இல்லை, மூன்று தடவை ரொம்ப ஒழுங்காக அடிக்கிறாய் என்று திட்டு வாங்கினேன்.

ஞாயிறு காலை எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். அதற்கு முன் மேனிஃபோல்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் கராஜ் முழுக்கக் கருகல் நாற்றம், புகை, அவர் மனைவி சமையலறை ஜன்னலைச் சாத்தும் சத்தம். அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது மேனிஃபோல்டில் பாதி ஆரஞ்சு பழுப்பாகி உரிந்து கொண்டிருந்தது. அதற்கும் ஒரு போட்டோ.