கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

காட்பாடியில் விசாரித்தாலும் ராணிப்பேட்டையில் விசாரித்தாலும் ஒரே பைக் மாடலுக்கு எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) பெரும்பாலும் ஒன்றுதான். அது கம்பெனி வைத்த விலை. அதில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிப் பயனில்லை. ஷோரூம் தரும் கொட்டேஷனில் அதற்குக் கீழே இருக்கும் ஐந்தாறு ஐட்டங்களில்தான் பேச இடம் உண்டு.

"ஆன்ரோடு எவ்வளவு?" என்று, எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிய விலையைக் கேட்டால் ஒற்றைத் தொகையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். "அண்ணா, ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதி சீல் வச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். வேலூரில் இரண்டு, ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ ஒன்று என மூன்று கொட்டேஷன் கையில் இருக்கட்டும்.

ஆயுள் வரியில் பேரம் கிடையாது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் விலை வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. பைக் பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, கடனில் எடுத்தால் அதை ஆர்சியில் பதிய (ஹைப்போதிகேஷன்) 500. சேவை, தபால் செலவு கொஞ்சம் சேரும். "ஆர்டிஓ செலவு" என்று மொத்தமாக மூவாயிரம் நாலாயிரம் போட்டிருந்தால் கணக்குக் கேளுங்கள். ஷோரூம் தனக்காகப் போடும் ஹேண்ட்லிங் சார்ஜ் அரசுக்குப் போகும் பணமே அல்ல. முழுசாக அடித்து நீக்கச் சொல்லலாம்.

அதிகம் மிச்சமாகும் இடம் இன்சூரன்ஸ். அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 3,851 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அது எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான ஒரு வருட பிரீமியத்தில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். அதே ஐடிவி (வண்டிக்குக் காப்பீட்டில் வைக்கும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத காப்பு) வைத்து ஆன்லைனில் விலை எடுத்துக் காட்டுங்கள். ஐடிவியைக் குறைத்து பிரீமியம் மலிவு என்று காட்டினால் ஏமாறாதீர்கள். வண்டி திருடுபோனால் அந்தத் தொகைதான் கைக்கு வரும். வண்டி ஓட்டும் உங்களுக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டாம்.

ஆக்சஸரீஸ் பட்டியலில் சாரி கார்டு, பின்னால் அமர்பவர் பிடிக்கும் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் இருந்தால் அடித்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123-படி அவை வண்டியோடு வர வேண்டியவை. ஹெல்மெட்டும் அப்படித்தான், அதற்கு விதி 138. கிராஷ் கார்டு, சீட் கவர் வேண்டுமானால் வெளியே போட்டுக்கொள்ளலாம்.

லோனில் "பத்து பர்சென்ட்தான் சார்" என்றால் ஃபிளாட்டா, அதாவது கட்டக் கட்டக் குறையாமல் முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் வட்டியா என்று கேளுங்கள். 80,000 ரூபாய்க்கு 24 மாதம், மாதம் 4,000 கட்டினால் வட்டி 16,000. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 18 சதவீதத்தைத் தொடும். ஃபைனான்ஸ் வழியாக ஷோரூமுக்குக் கமிஷன் வருவதால், லோன் எடுப்பதாக இருந்தால் அந்தப் பேச்சை முடிவாக்கும் முன்பே இலவசங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் வண்டிக்கே வரிசை நிற்கும், யாரும் இறங்கி வரமாட்டார்கள். ஆடியில் வண்டி எடுக்கத் தயங்குபவர்கள் நம் பக்கம் நிறைய பேர். தயக்கம் இல்லாதவர்களுக்கு அந்த மாதக் கடைசி வாரமே நல்ல சமயம். டிசம்பரில் சலுகை தருவார்கள், ஆனால் ஜனவரி வந்ததும் அது போன வருட வண்டி. விற்கும்போது அந்த இழப்பு தெரியும்.

பேசி முடித்த ஆன்ரோடு தொகையையும் தரும் பொருட்களையும் அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மீதியைக் கட்டும் முன் ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரை நேரில் ஒப்பிட்டு, ஃபாரம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் உற்பத்தி மாதத்தையும் பாருங்கள். வேலூரின் டிஎன் 23 பதிவு நம்பர் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தரமாட்டார்கள்.