மலக்குழி மரணம் பற்றி ஒரு கேள்வி கேட்ட கதை

எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் டெல்லி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மக்களவையில் கேள்வி கேட்பது என்றால் எழுந்து நின்று கேட்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிவியில் பார்ப்பது அப்படித்தானே. அதற்கு முன்னால் விதிப்புத்தகம், கெடு, குலுக்கல் எல்லாம் இருப்பது 2023 மழைக்காலக் கூட்டத்தொடர் வந்தபோதுதான் உறைத்தது.

"தம்பி, மலக்குழி சாவு பத்தி ஒரு கேள்வி தயார் பண்ணு" என்றார் சார். தொகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் இறங்கிய ஒருவர் விஷவாயு தாக்கி இறந்திருந்தார். அந்த வீட்டுக்குப் போய்வந்த வேகத்தில் சொன்னார்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில்தான், கேள்வி அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். காலையில் நீட்டியபோது சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். "கேள்வி எங்கப்பா? இது மேடைப் பேச்சு." 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான் அதைப்போல இரண்டு மடங்கு எழுதியிருந்தேன். வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் கேள்விக்குள் வரக் கூடாது என்று 41ஆவது விதி சொல்கிறது. "வெட்கக்கேடான", "இத்தனை ஆண்டுகள் கழித்தும்", "கண்மூடித்தனமான" எல்லாம் சிவப்பு மையில் அடிபட்டன. மிச்சம் நின்றது நான்கு வரி.

அந்த நான்கு வரியிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

கையால் மலம் அள்ளும் வேலையில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தேன். தூய்மைப் பணியாளர்களுக்கான தொழிற்சங்கத்தில் பல காலமாக இருக்கும் நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இப்படிக் கேட்டா 'யாரும் இல்லை'ன்னு பதில் வரும், வாங்கி வச்சுக்குங்க" என்றார். 2021 ஜூலையில் அதுதான் நடந்தது. மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கே முதலியோர் எழுப்பிய கேள்விக்கு, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே பதில் தந்தார். ஊரெல்லாம் கொதித்தது. அதே கூட்டத்தொடரில் இன்னொரு பதிலில், 1993 முதல் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்தபோது இறந்தவர்கள் 941 பேர் என்று அரசே கணக்கும் சொன்னது.

இரண்டு பதிலும் ஒரே அரசுடையவை. சூட்சுமம், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆவது பிரிவில் இருக்கிறது. அதன்படி 'கையால் மலம் அள்ளுபவர்' என்றால் சுகாதாரமற்ற கழிப்பிடத்திலோ, அந்த மலம் வந்து விழும் திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் போன்ற இடங்களிலோ மலத்தைக் கையாள்பவர். பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறக்கினால் அதன் பெயர் 'ஆபத்தான துப்புரவு'. 7ஆவது பிரிவு அதையும் தடை செய்கிறது, ஆனால் அது வேறு தலைப்பு, வேறு கணக்கு. நம் பேச்சிலும் பத்திரிகைகளிலும் இரண்டும் ஒன்றுதான். எனக்கும் அன்றுவரை ஒன்றாகத்தான் இருந்தது.

மாற்றி எழுதினேன். "சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள், மாநில வாரியாக, ஆண்டு வாரியாக." அடுத்த உட்பிரிவில் இழப்பீடு: 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. எத்தனை குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது? கடைசியாக, எத்தனை வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை?

'மாநில வாரியாக' என்ற இடத்தில் சாரின் பேனா நின்றது. 2021 கணக்கில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். அப்போது அங்கே ஆண்டது எங்கள் கூட்டணி. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இருக்கட்டும், போடு" என்றார். பத்திரிகைக் குறிப்பு எழுதும்போது மட்டும் அந்த வரி வேண்டாம் என்றார். எனக்கு அது அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

சரி, அனுப்பியாயிற்று. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும் என்பதால், அவை கூடுவதற்கு முன்பே எங்கள் வேலை தொடங்கிவிட்டது. ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள் வரை அனுப்பலாம். எல்லாமே குலுக்கலுக்குப் போகும். ஒரு நாளில் அமைச்சர் வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரமில்லாதவை 230. இருபதிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கப்படுவது பெரும்பாலும் ஐந்தாறுதான். ஆக, குலுக்கலில் விழுந்தால் மட்டும் போதாது, மேலே விழ வேண்டும்.

முதல் வாரம் எங்கள் பெயர் இல்லை. இரண்டாவது வாரம் பட்டியலில் இரண்டாம் இடம்! நட்சத்திரக் கேள்விகளைப் பச்சைத் தாளில் அச்சிடுவார்கள். அந்தப் பச்சைத் தாளைப் படமெடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "என்னடா இது, ரேஷன் கார்டா?" என்று கேட்டாள்.

கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. உயிர் இருப்பதே அதில்தான். எழுத்தில் வரும் பதிலைப் பக்குவமாகத் தயாரித்துவிடலாம். துணைக் கேள்விக்கு அமைச்சர் நின்ற இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நான் ஆறு துணைக் கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, முக்கியமான வரிசையில் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுச் சாரின் சட்டைப் பையில் வைத்தேன்.

காலை 11 மணிக்கு அவை கூடியது. மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் வந்து பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் பதாகையோடு மையப்பகுதிக்கு இறங்கின. கொஞ்ச நேரத்தில் அவை ஒத்திவைக்கப்பட்டது. கேள்வி நேரம் போயிற்று. அலுவலக டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதாகை பிடித்தவர்களில் எங்கள் சாரும் ஒருவர். சட்டைப் பையில் அட்டைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன.

திரும்பி வந்தவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "அதுவும் வேணும்ல தம்பி" என்றார். மணிப்பூரில் நடந்ததைப் பேசவைக்க வேறு வழி என்ன இருந்தது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் வயிறு எரிந்தது.

எடுக்கப்படாத நட்சத்திரக் கேள்விகளுக்கு எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்பட்டதாகக் கொள்வார்கள். எங்களுக்கும் வந்தது: இரண்டு பக்கம், இணைப்பில் மாநில வாரியான அட்டவணை. நாங்கள் கேட்ட சொல்லுக்கு எண் வந்திருந்தது, 'இல்லை' வரவில்லை. தண்டனை பற்றிய உட்பிரிவுக்கு மட்டும் சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பித்திருந்தார்கள். வேறு விதிகளில் அடங்காத விஷயங்களை அவையில் எழுப்ப உதவும் 377ஆவது விதியின்கீழ் அதைத் திரும்ப எழுப்பினார் சார். அதற்கான பதில் கடிதம் கைக்கு வருவதற்குள், அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திவிட்டது.

அட்டவணையைத் தொழிற்சங்க நண்பருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "அந்த அபார்ட்மென்ட் தொட்டியில செத்தாரே, அவரு இந்த நம்பருக்குள்ள இருக்காரா?"

திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண் இருந்தது, பெயரோ ஊரோ இல்லை. தனியார் கட்டடத்தில் நேர்ந்த மரணத்தை எண்ணினார்களா என்பதற்கும் அதில் குறிப்பில்லை. ஏனென்றால் நான் அதைக் கேட்கவே இல்லை.

குளிர்காலக் கூட்டத்தொடருக்கான வரைவில் அதைத்தான் முதல் உட்பிரிவாக வைத்தேன். "தனியார் வீடுகள், அடுக்குமாடிகள், ஆலைகள் ஆகியவற்றின் தொட்டிகளில் நேர்ந்த மரணங்களும் இந்த எண்ணிக்கையில் அடங்குமா?" சார் படித்துவிட்டு, 'தொட்டிகள்' என்பதற்குப் பக்கத்தில் 'குழிகள்' என்றும் சேர்த்தார்.