ஏழாவது கேள்வி

3 ஜூன் 2025, செவ்வாய்

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வந்தேன். மனநலப் பிரிவு டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை போட வேண்டும். அதிகபட்சம் 27. எனக்கு 17. 10 வந்தாலே கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்றார்.

வருத்தம், தூக்கம், பசி எல்லாம் அதில் உண்டு. என் கை நின்றது ஏழாவதில். பேப்பர் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது மனம் நிலைக்கிறதா என்று கேட்கும் கேள்வி. மூன்று போட்டேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதுகிறவள் நான். கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை கழித்து விவசாயி கையில் சீட்டு கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது. மாசியில் இருந்து ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். எதிரே ஆள் காத்து நிற்கிறார். அழுகையை விட இதற்குத்தான் பயந்தேன்.

"யோசிக்கிற வேகமும் ஞாபகமும் குறையறது இந்த நோயோட ஒரு பகுதிம்மா. உங்க புத்தி எங்கேயும் போகல" என்றார் டாக்டர். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது. கூடவே பேச்சு சிகிச்சையும் வேண்டுமாம்.

14 ஜூன், சனி

வாராவாரம் மண்டியை விட்டுவிட்டு தர்மபுரி போக முடியாது. அதனால் வீடியோவில் பேச்சு. ஆலோசகர் மேடம் சென்னையில். நான் மண்டிக்குப் பின்னால், காலிப் பெட்டி அடுக்கிய ஷெட்டில். வீட்டில் கதவு சாத்திப் பேச இடமில்லை.

ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய முறை இது. ஒன்று நடந்ததும் மனதில் தானாக ஓர் எண்ணம் எழும். அதைப் பிடித்து, சாட்சி கேட்க வேண்டும். "முதலாளி முகம் சுளித்தார், என்னை நிறுத்தப் போகிறார்" என்று எழுதினேன். இதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று மேடம் கேட்கக் கேட்க, காலையில் தக்காளி விலை சரிந்திருந்தது நினைவுக்கு வந்தது. முகச்சுளிப்புக்கு அதுவே போதுமே.

2 ஜூலை, புதன்

பேசும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மண்டிக்கு வந்து பேனா எடுத்தால் ஒன்றும் நினைவில் இல்லை. எண்ணத்தைப் பிடி என்கிறார்கள், பிடிக்கிற கைக்கே பலம் இல்லையே என்று மேடத்திடம் சொன்னேன். "அதுக்குத்தான் மூளைக்கு ஒரு பயிற்சியும் சேர்க்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ஹெட்போனில் எண்கள் ஒவ்வொன்றாக வரும். கடைசி இரண்டை மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்று, ஐந்து என்றால் எட்டு. அடுத்து இரண்டு வந்தால், எட்டை விட்டுவிட்டு ஐந்தும் இரண்டும் ஏழு. சரியாகச் சொன்னால் வேகம் கூடும், தடுமாறினால் குறையும். நியூசிலாந்தின் டோரத்தி குரோன்வால் தலைக்காயம் பட்டவர்களின் கவனத்தை அளக்க இதைப் பயன்படுத்தி, 1977இல் எழுதியிருக்கிறார். 2007இல் பிட்ஸ்பர்க்கில் கிரெக் சீகல் குழுவினர், வேகம் மாறும்படி செய்து மனச்சோர்வுக்குப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய வருத்தத்தையே மனம் சுற்றிச் சுற்றி வரும்போது, அதைத் தடுத்துக் கவனத்தைத் திருப்புவது மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. மனச்சோர்வில் அது தளர்ந்துவிடுகிறது. அதற்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம்.

முதலில் எரிச்சலாகத்தான் வருகிறது. ஒரு எண்ணைத் தவறவிட்டால் உடனே "உனக்கு இது கூட வராது" என்ற குரல். அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்த எண்ணும் போய்விடும்.

20 ஜூலை, ஞாயிறு

"மேலுக்கு முடியலைங்கற, செல்லுல கேம் ஆடற" என்றார் அத்தை. அவரைக் குறை சொல்ல மனசில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தானே தெரியும்? வீட்டுக்காரர் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டு, "அம்மா, இது வெளையாட்டு இல்ல, தலை சுத்துது" என்றார். அப்புறம் வீட்டில் பேச்சு இல்லை.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். கூட்டத்துக்கு இன்னும் தெம்பு வரவில்லை, இருந்துவிட்டேன். "நான் இல்லாததுதான் அவர்களுக்கு நிம்மதி" என்று எண்ணம் வந்தது. முன்பெல்லாம் அதோடு படுத்துவிடுவேன். இன்று, எண் தவறினால் அடுத்த எண்ணுக்குப் போகிற மாதிரி அதை விட்டு விலகி நிற்க முடிந்தது. நோட்டை எடுத்து ஆதாரம் எழுதினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தை மூன்று தரம் கூப்பிட்டார், அது எதிர் ஆதாரம். பயிற்சி அந்த எண்ணத்தைத் தள்ளி நிறுத்தியது. பேச்சு, நிறுத்தியதை என்ன செய்வது என்று சொல்லித் தந்திருந்தது. ஒன்று இல்லாமல் மற்றது எனக்குப் பாதிதான் உதவியிருக்கும்.

16 ஆகஸ்ட், சனி

மதிப்பெண் 9. ஏழாவது கேள்விக்கு ஒன்று. மாத்திரையும் ஓடுகிறது, எதனால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பயிற்சியில் கெட்டிக்காரர் ஆகிற எல்லோருக்கும் மனசும் தெளிந்துவிடுவதில்லை, ஆராய்ச்சி முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை என்று மேடம் ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை கூடியது.

மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி, நான் கொண்டிருந்த அதே கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள். பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். வீடியோவும் ஆப்பும் அவளுக்கு எட்டாது. ராத்திரி மனசு ரொம்பத் தாங்காமல் போனால் அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு அடி, காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள் என்று அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். எண்களை ஒருவர் வாசித்து ஒருவர் கூட்டுவதற்கு இன்டர்நெட் எதற்கு? ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்ய வழியுண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போகிறேன். முதலாளியிடம் லீவு சொல்லியாயிற்று.