ஊடகவியல் முதுகலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு

பல்கலைக்கழகத்தின் பெயரை விட, பாடத்திட்டத்தை முதலில் படியுங்கள். ஊடகம், தொடர்பியல் என்ற ஒரே பட்டப் பெயரில் சில இடங்களில் கேமரா, எடிட்டிங். சில இடங்களில் முழுக்கக் கோட்பாடும் ஆய்வும்.

எனக்கு வாய்த்தது இரண்டாவது. அதில் அவ்வளவு சந்தோஷம்! இந்த வாரம் வகுப்பில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு அமெரிக்க ஊடக ஆய்வாளர்களின் ஆய்வு. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவெடுக்காத 100 பேரிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதும், செய்திகள் தூக்கிப் பிடித்ததும் கிட்டத்தட்ட ஒரே வரிசை. 1972-ல் வெளியான கட்டுரை. படித்ததிலிருந்து, தலைப்புச் செய்திகளில் எதை விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

அப்புறம், பிரிட்டனில் இது பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு. ஆய்வேடும் அதற்குள்தான். தலைப்பை விமானம் ஏறும் முன்பே யோசித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் தயங்காமல் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.