தோசையில் ஒட்டியிருந்த கறுப்புத் துகள்

போன வாரம் மகளுக்கு ஊற்றிய தோசையைத் திருப்பிப் போட்டபோது, அடிப்பக்கத்தில் மிளகைப் பொடித்துத் தூவியது போல ஏதோ கறுப்பாக இருந்தது. கருகல் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். கருகல் என்றால் விரலில் பொடியாக நொறுங்கும், இது நொறுங்கவே இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி மடங்கியது. நான்ஸ்டிக் தவாவைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுவில், தினமும் மாவு ஊற்றும் அதே இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு உரிந்து அலுமினியம் வெள்ளையாகத் தெரிகிறது.

அந்தத் தோசையை எறிந்துவிட்டேன், சரி. இத்தனை நாள் சாப்பிட்டது? அன்று ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த டெஃப்லான்தான் பெரும்பாலான நான்ஸ்டிக் பூச்சு. அந்தத் துகளை விழுங்கினால் உடம்பு அதைச் செரிப்பதில்லை, வந்த வழியே போய்விடும். கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றித்தான். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும், மனிதர்களுக்குக் காய்ச்சல் போல வரும். காலித் தவாவைப் பெரிய தீயில் சில நிமிடம் விட்டாலே அந்தச் சூடு வந்துவிடும். நாமோ இரும்புக்கல் பழக்கத்தில், தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓட வேண்டும் என்று காலியாகத்தானே காய வைக்கிறோம்!

'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பித்தான் வாங்கினேன். அது பூச்சு தயாரிக்கும்போது முன்பு சேர்த்த ஒரு ரசாயனம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. கீறலுக்கும் சூட்டுக்கும் அது உத்தரவாதம் இல்லை.

உரிந்த பூச்சை வீட்டில் சரிசெய்ய வழியே கிடையாது. எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள், அதற்கு வைக்கும் சூட்டிலேயே மிச்சப் பூச்சும் போய்விடும். உரிந்த கடாயில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வேண்டவே வேண்டாம், புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். அப்புறம் ஒன்று, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அதைக் கொடுக்காதீர்கள். நம் பிள்ளைக்கு ஆகாதது அவர் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? நான் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.

பரணிலிருந்து அம்மா கொடுத்த இரும்புக்கல்லை இறக்கினேன். ஒரே துரு. கம்பி நாரால் தேய்த்து, அரிசி கழுவின தண்ணீரில் ஊற வைத்து, மறுபடி தேய்த்து, ஈரம் போக அடுப்பில் காய வைத்து, நல்லெண்ணெய் தடவி இரண்டு நாள் அப்படியே வைத்தேன். மூன்றாம் நாள் பாதி வெங்காயத்தைக் கரண்டிக்காம்பில் குத்தி எண்ணெய் தொட்டுத் தேய்த்து ஊற்றினால், முதல் நான்கு தோசையும் பிய்ந்தன. ஐந்தாவது ஓரம் தானாக எழும்பி, பொன்னிறமாக முழுசாக வந்தது. அம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

"அதுல சப்பாத்தி மட்டும் போட்டுடாதடி, மறுபடி ஒட்டும்" என்றாள்.